கூண்டுப்புழுவின் பங்காளி

நடவு முடிந்து இருபது நாளில், தண்ணீர் தேங்கிய வயலில் சின்னச் சின்னக் குழல்கள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெல் இலையையே துண்டாக அறுத்துச் சுருட்டி, உள்ளே ஒரு புழு உட்கார்ந்திருக்கும். இலைமேல் ஏறிப் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலை ஏணிப்படி மாதிரி வரிவரியாக வெளுத்துப் போகும். கூண்டுப்புழு. இதைத் தெரியாத நெல் விவசாயி நம்ம பக்கம் இருக்கமாட்டார்.

அதே வயலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில், ஓடையில், ஆற்றில் இன்னொரு வகைக் குழல் உண்டு. இது இலையால் ஆனதில்லை. மணலை ஒவ்வொரு மணியாக எடுத்து ஒட்டிக் கட்டியது. மிதக்காது, அடியில் ஊர்ந்து போகும். கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதும் புழுதான். பார்த்த மாத்திரத்தில் 'இதுவும் கூண்டுப்புழு' என்று முடிவு கட்டிக் கடைக்குப் போனால், கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். அந்தப் பாட்டிலுக்குக் கொடுக்கிற காசும் வீண், சாகிற பூச்சியும் வீண். இந்தக் கட்டுரை அந்த மணல் குழல்காரரைப் பற்றியது.

ஆங்கிலத்தில் இதைக் கேடிஸ் பூச்சி என்பார்கள். அறிவியல் வரிசைப் பெயர் டிரைக்காப்டெரா. கிரேக்கத்தில் 'மயிர் இறகு' என்று பொருள். நாமும் மயிரிறகி என்றே வைத்துக்கொள்வோம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட மயிரிறகி இனங்கள் 16,000க்கும் மேல். இந்தியாவில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்று பருவமும் தண்ணீருக்குள். வளர்ந்த பூச்சி மட்டும் வெளியே வந்து சில நாள், சில வாரம் பறந்து முட்டையிட்டுச் சாகும். இரவில் விளக்கைத் தேடி வரும். கூரை போல இறகை மடக்கி, நீளமான உணர்கொம்பை முன்னால் நீட்டிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிறப் பூச்சி. நாம் அந்துப்பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிடுவோம்.

அந்துப்பூச்சி என்று நினைப்பதில் பெரிய குற்றமும் இல்லை. பூச்சிக் குலத்தில் மயிரிறகியும் அந்துப்பூச்சி-பட்டாம்பூச்சி வகையும் உடன்பிறந்த வரிசைகள். ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு கிளை. ஒரு கிளையில் இறகின் மயிர் தட்டையாகி செதிலானது, அது பட்டாம்பூச்சி. இன்னொரு கிளையில் மயிர் மயிராகவே நின்றது, அது இது. கூண்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. ஆக, வயலில் மிதக்கிறவரும் ஓடையில் ஊர்கிறவரும் பங்காளிகள். ஆனால் பங்காளி செய்த குற்றத்துக்கு இவரை அடிப்பது என்ன நியாயம்?

வித்தியாசம் பார்ப்பது சுலபம். குழலுக்குள் இருக்கும் புழுவை மெதுவாக வெளியே எடுங்க. கூண்டுப்புழு என்றால் வயிற்றுப் பக்கம் குட்டைக் குட்டையான போலிக்கால்கள் ஜோடி ஜோடியாக இருக்கும், எல்லாக் கம்பளிப்புழுவுக்கும் இருப்பது போல. மயிரிறகியின் புழுவுக்கு நெஞ்சில் ஆறு கால், பிறகு வயிறு முழுக்க வழவழ, கடைசி நுனியில் மட்டும் இரண்டு கொக்கி. அந்தக் கொக்கியால்தான் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த பூச்சியைப் பிடித்தால், விரலில் பொடி ஒட்டுகிறதா பாருங்க. செதில் பொடி ஒட்டினால் அந்து. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் மயிரிறகி. கூண்டுப்புழுவின் அந்து பளிச்சென்ற வெள்ளை நிறத்தில், பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தப் புழுவின் தொழிலைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நம்ம ஊர் பீங்கான் பட்டறையில் மண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைத்தால்தான் அது பொம்மையாகவோ ஃபியூஸ் கட்டையாகவோ நிற்கும். சுடாத மண் தண்ணீரில் கரைந்துவிடும். இந்தப் புழு சூளை இல்லாமல், குளிர்ந்த ஓடும் தண்ணீருக்குள்ளேயே, ஈர மணலை ஈரத்தோடு ஒட்டுகிறது. பசை அதன் வாயிலிருந்து வரும் பட்டு நூல். பட்டுப்புழு நூற்கும் அதே சுரப்பி, அதே பரம்பரை. ஆனால் பட்டுப்புழுவின் நூல் காற்றில் உலர்ந்து கெட்டியாகிறது. இது தண்ணீருக்குள் கெட்டியாக வேண்டும். எப்படி என்று 2010ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நூலின் புரதத்தில் பாஸ்பேட் தொகுதிகள் நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் இருக்கும் கால்சியம் அவற்றைப் பிணைத்து இறுக்குகிறது. ஈரமான திசுவை ஒட்டும் அறுவைசிகிச்சைப் பசைக்கு இதை மாதிரியாக எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள்.

வீடு கட்டும் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. ஹெலிகோசைக்கி என்ற மயிரிறகியின் புழு மணலை நத்தைக்கூடு மாதிரியே சுருளாகக் கட்டும். அமெரிக்காவில் 1834ல் ஐசக் லீ என்ற நத்தை ஆராய்ச்சியாளர் அந்தக் கூட்டைப் பார்த்து, 'மணலைத் தாங்கும் புதிய நத்தை' என்று பெயரே வைத்துவிட்டார். புழு என்று பிறகுதான் தெரிந்தது. படித்தவர்களே ஏமாந்த இடம் அது.

எல்லா மயிரிறகியும் குழல் கட்டுவதில்லை. சில குழல் தூக்கிக்கொண்டு திரியும். சில வீடே இல்லாமல் வேட்டையாடித் திரிந்து, கூட்டுப்புழு ஆகும்போது மட்டும் ஒரு கூடு கட்டும். இன்னும் சில கல்லிடுக்கில் வலை பின்னி உட்கார்ந்து, தண்ணீர் கொண்டுவரும் இலைத்துகள், பாசி, சிற்றுயிர் எல்லாவற்றையும் வடிகட்டிச் சாப்பிடும். நாம் மீனுக்குக் கண்ணி வைக்கிற மாதிரி. இந்த வலைக்காரர்களில்தான் நமக்கு நெருக்கமான ஒரு பேரினம் இருக்கிறது. பெயர் ஸ்டெனோசைக்கி.

1866ல் ராபர்ட் மெக்லாக்லன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இந்தியாவிலிருந்து போன ஒரு பூச்சியை வைத்து இந்தப் பேரினத்தை உருவாக்கினார். 'ஸ்டெனோ' என்றால் ஒடுங்கிய. 'சைக்கி' என்றால் கிரேக்கத்தில் ஆன்மா, பட்டாம்பூச்சி இரண்டும். உடல் நீண்டு ஒடுங்கி, இறகில் மஞ்சளும் பழுப்புமாக வலைப்பின்னல் கோலம். மயிரிறகிகளில் இவை பெரிய உருவம். புழு நான்கைந்து சென்டிமீட்டர் வரை வளரும். தலை மட்டும் குதிரைமுகம் போல நீண்டிருக்கும். வேகமாக ஓடும் குளிர்ந்த நீரில், கற்களுக்கு நடுவே கூழாங்கல்லைக் கட்டி ஒரு பதுங்கு அறை, அதையொட்டி வலை. இப்படி ஆயிரக்கணக்கான புழுக்கள் பட்டு நூலால் கல்லோடு கல்லைக் கட்டுவதால், வெள்ளம் வந்தாலும் ஆற்றுப்படுகை சட்டென்று உருண்டு போகாமல் நிற்கிறது என்று ஜப்பானிய ஆறுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். காசு வாங்காமல் கரை கட்டும் வேலை.

இப்போது வகைப்பாடு. ஸ்டெனோசைக்கிடே என்ற குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பவை மூன்றே பேரினங்கள். ஸ்டெனோசைக்கி, இமயமலையிலிருந்து சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் கிழக்கு முனை வரையும், தென்கிழக்காசிய மலைகளிலும் பரவியது. ஏறத்தாழ நூறு இனங்கள். ஸ்டெனோசைக்கோடஸ், ஆஸ்திரேலியாவில். சூடோஸ்டெனோசைக்கி, தென்னமெரிக்காவின் சிலியில். இந்த மூன்று புள்ளியையும் உலகப்படத்தில் வைத்துப் பாருங்க. நடுவில் இரண்டு பெருங்கடல். நீரோடையை விட்டு அதிகத் தூரம் பறக்காத பூச்சி கடல் தாண்டிப் போயிருக்க முடியாது. ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா, இந்தியா, ஆப்பிரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்த காலத்துப் பழைய குடும்பமோ என்று யோசிக்கத் தோன்றும்.

ஆனால் கணக்கு அவ்வளவு நேராகப் போகவில்லை. ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர் என்ற மரப்பிசின் கட்டிகளுக்குள்ளும் ஒரு ஸ்டெனோசைக்கி சிக்கியிருக்கிறது. ஜெர்மானியர் கேயார்க் உல்மர் 1912ல் அதை விவரித்தார். நான்கு கோடி ஆண்டுப் பழமையான பிசின். இன்று ஐரோப்பாவில் இந்தப் பேரினத்தில் ஒன்றுகூட இல்லை. அதாவது ஒரு காலத்தில் இருந்து, பிறகு அங்கே அற்றுப்போயிருக்கிறது. இன்று எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு உயிரின் பூர்வீகத்தைச் சொன்னால் தப்பாகிவிடும். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அந்த நிலத்தை யார் திருத்தினார் என்று சொல்ல முடியாதே, அது போலத்தான்.

இந்தக் குடும்பம் முழுவதையும் ஒழுங்குபடுத்தி 1969ல் ஒரு பெரிய ஆய்வு எழுதியவர் ஃபெர்னாண்ட் ஷ்மித். சுவிட்சர்லாந்துக்காரர், பிறகு கனடாவில் பணியாற்றியவர். இலங்கையிலும் இந்திய மலைகளிலும் அலைந்து மயிரிறகி சேகரித்தவர். இனத்துக்கு இனம் வித்தியாசம் கண்டுபிடிக்க அவர் போன வழிதான் இன்றும் வழி: ஆண் பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, சதையைக் கரைத்து, நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்ப்பது. இறகுக் கோலம் ஏமாற்றும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பூச்சி வெவ்வேறு இனமாக இருக்கும். பூட்டுக்கேற்ற சாவி போல ஆண் உறுப்பின் வடிவம் மட்டும் இனத்துக்கு இனம் மாறும். அதனால் பெண் பூச்சியையும் புழுவையும் தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆய்வாளர்கள் பல நேரம் கையை விரிப்பார்கள். இப்போது மரபணுவை ஒப்பிட்டு, 'இந்தப் புழு அந்த ஆணின் பிள்ளை' என்று சொல்ல முடிகிறது.

நமக்கு வேண்டிய செய்தி 1980ல் வந்தது. ஸ்வெக்மன், காஃப்மன் என்ற இருவர் தென்னிந்தியாவிலிருந்து ஒரு புதிய ஸ்டெனோசைக்கியை விவரித்தார்கள். பெயர் ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ். கொடைக்கானல்காரன் என்று அர்த்தம். பழனி மலை ஓடையில் வாழும் ஒரு பூச்சிக்கு உலக அறிவியல் ஏட்டில் நம்ம ஊர்ப் பெயர். உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட் பயிரிடுகிற அந்த மலைக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் இமயத்திலும் அதற்குக் கிழக்கிலும் இருக்க, இவர் மட்டும் கொடைக்கானலில் எப்படி? நடுவில் தக்காணத்துச் சுட்ட நிலம். குளிர்ந்த ஓடை இல்லாமல் வாழ முடியாத பூச்சி. இதே கேள்வி வேறு உயிர்களுக்கும் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தின் இனம் இமயத்திலும் இருக்கிறது. மலையருவிகளில் பாறையைக் கவ்விக்கொண்டு வாழும் சில மீன்களும் அப்படித்தான். அந்த மீன்களைப் பார்த்த சுந்தர் லால் ஹோரா, நம் நாட்டு விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர், விந்திய-சாத்புரா மலைத்தொடர் வழியாக அவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்திருக்க வேண்டும் என்று சொன்னார். 1949ல் அதைப் பற்றித் தனிக் கருத்தரங்கே நடந்தது. குளிர் அதிகமாக இருந்த காலத்தில் கீழே வரை பரவியிருந்து, வெப்பம் ஏறியதும் மலை உச்சிகளுக்கு ஒதுங்கின என்பது இன்னொரு விளக்கம். எது சரியானாலும் ஒன்று உறுதி. கொடைக்கானலில் ஒரு ஓடை கெட்டால், அங்கிருந்து தப்பித்துப் போய்ச் சேர இந்தப் பூச்சிக்குப் பக்கத்து ஊர் கிடையாது.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே ஸ்டெனோசைக்கி ஏராளம். நாகானோ மாகாணத்தில் டென்ரியூ ஆற்றங்கரையில் குளிர்காலத்தில் ஆற்றில் இறங்கி, கல்லைப் புரட்டி இந்தப் புழுவைப் பிடித்து, சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டவைத்துச் சாப்பிடுகிறார்கள். ஜாஜாமுஷி என்று பெயர். பிடிப்பதற்கு உரிமம் வேண்டும். நம்ம ஊரில் ஈசலை வறுத்துச் சாப்பிடுகிற மாதிரிதான், முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

அதே ஜப்பானிலிருந்து நெல் விவசாயி கேட்க வேண்டிய ஒரு கதையும் இருக்கிறது. ஷின்ஜி என்ற ஏரி. சுற்றிலும் நெல் வயல். 1993ல் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி அந்த வயல்களுக்கு வந்தது. ஏரியின் மிதவை உயிர்களும் அடியில் வாழும் பூச்சிப் புழுக்களும் குறைந்தன. அதைத் தின்று வாழ்ந்த வக்காசாகி என்ற சிறுமீனின் ஆண்டுப் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாக விழுந்தது. மசுமி யமமுரோ தலைமையிலான ஆய்வாளர்கள் 2019ல் இதை வெளியிட்டார்கள். மருந்து மீனைக் கொல்லவில்லை, மீனின் சோற்றைக் கொன்றது. புகையானுக்கு என்று நம்ம கடைகளில் விற்கிற அதே இமிடாகுளோபிரிட்தான். தண்ணீரில் நன்றாகக் கரையும். அடித்த வயலிலேயே நிற்காது. நீர்ப்பூச்சிகளில் இந்த மருந்துக்கு முதலில் சாகிறவர்கள் வரிசையில் மயிரிறகியும் ஈசல் போன்ற மேஃபிளையும் முன்னால் நிற்கிறார்கள்.

நாம் இயற்கை விவசாயிகள், நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. இமிடாகுளோபிரிட் எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்துக்கே புகையிலையின் நிகோட்டினை வைத்துத்தான் பெயர். நரம்பைத் தாக்கும் வழியும் அதேதான். புகையிலைக் கரைசல் வீட்டில் காய்ச்சியது என்பதால் ஓடைப்பூச்சி அதை மன்னிக்காது. தெளிப்பானை வாய்க்காலில் கழுவுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. வயலில் ஓர் ஓரமாகக் கழுவி, மண்ணில் ஊற்றிவிட வேண்டும்.

சரி, நம்ம மணிமுக்தாவுக்கு வருவோம். கல்வராயன் மலையில் பிறந்து, கோமுகியையும் சேர்த்துக்கொண்டு, பழமலைநாதர் கோயிலைத் தொட்டு, வெள்ளாற்றில் கலக்கிற ஆறு. மலைப்பகுதியில் கல் ஓடை, இங்கே வரும்போது மணல் ஆறு. வருடத்தில் பாதி நாள் தண்ணீரும் இருக்காது. இங்கே ஸ்டெனோசைக்கியைத் தேடினால் ஏமாற்றம்தான். சமவெளி ஆற்றுக்கு வேறு குடும்பங்கள். ஹைட்ரோசைக்கிடே என்ற வலைக்காரர்கள், தண்ணீர் வேகமாக விழும் இடங்களில்: அணைக்கட்டின் கீழ்ப்புறம், மதகு, தரைப்பாலக் குழாயின் வாய். லெப்டோசெரிடே என்ற குழல்காரர்கள், மெதுவாக ஓடும் ஓரங்களில், ஏரியில்: ஒல்லியான மணல் குழல், உணர்கொம்பு உடலைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம். இந்தக் குழல்காரருக்கு மணல் வேண்டும். பொக்லைன் இறங்கிப் படுகையை வாரிக்கொண்டு போய், அடியில் களி தெரிகிற இடத்தில் அவர் எதை வைத்துக் கட்டுவார்?

பார்க்க ஆசையிருந்தால் மழை நின்று தண்ணீர் தெளிந்த தை, மாசி நல்ல சமயம். வெள்ளைத் தட்டு ஒன்று, அதில் கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர். ஓடும் நீரிலிருந்து கல்லை, கட்டையை எடுத்துத் தட்டின் மேல் பிடித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். இரண்டு நிமிடம் பேசாமல் காத்திருங்க. முதலில் எல்லாம் குப்பையாகத் தெரியும். பிறகு குப்பையில் ஒரு துண்டு நடக்க ஆரம்பிக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இது வெறும் வேடிக்கை இல்லை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த நிமிடத்துத் தண்ணீரின் கதை மட்டும் தெரியும். நேற்று ராத்திரி யாராவது எதையாவது திறந்துவிட்டுப் போயிருந்தால் இன்று காலைப் பாட்டிலில் அது இருக்காது. பூச்சிப் புழு மாதக்கணக்கில் அங்கேயே வாழ்கிறது. செத்துப்போனால் இல்லாமல் போவதே சாட்சி. இதை வைத்துப் பிரிட்டனில் 1970களின் கடைசியில் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். நீர்ப்பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை. மாசு தாங்காத லெப்டோசெரிடே குழல்காரருக்கு 10. ஓரளவு தாங்கும் ஹைட்ரோசைக்கிடே வலைக்காரருக்கு 5. சாக்கடையிலும் வாழும் சிவப்பு ரத்தப்புழுவின் குடும்பத்துக்கு 2, மண்புழுவின் உறவான நீர்ப்புழுக்களுக்கு 1. நம் நாட்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே அடிப்படையில் ஆறுகளுக்கு உயிரியல் மதிப்பீட்டு முறை ஒன்றை வைத்திருக்கிறது. குடும்ப அளவில் அடையாளம் தெரிந்தாலே போதும், ஆணின் வாலை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு முறை ஒரே மதகில் தட்டு வைத்துக் குறித்துக்கொண்டு வந்தால், ஐந்து வருடத்தில் அந்த வாய்க்காலுக்கு ஒரு ஜாதகமே கையில் இருக்கும். மனுநீதி நாளில் வெறும் வாயால் 'தண்ணீர் கெட்டுப்போச்சு' என்று சொல்வதற்கும், அந்த நோட்டை நீட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உண்மையான கூண்டுப்புழு வயலில் வந்துவிட்டால்? அதற்கும் பாட்டில் தேவையில்லை. அந்தப் புழு தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. பயிரின் மேல் கயிற்றை இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுத்தால் இலையில் ஒட்டியிருக்கும் குழல்கள் தண்ணீரில் விழும். உடனே மடையைத் திறந்து வடிக்க வேண்டும், வடிமடையில் ஒரு சல்லடையோ பழைய கொசுவலையோ கட்டினால் குழல்கள் அங்கே ஒதுங்கும். அள்ளிக் கோழிக்குப் போடலாம். இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிடுங்க. மண்ணெண்ணெய் ஊற்றிக் கயிறு இழுக்கச் சொல்லும் பழைய பரிந்துரையும் உண்டு. அந்தத் தண்ணீர் வடிந்து போய்ச் சேருகிற வாய்க்காலில்தான் பங்காளி குடியிருக்கிறார், ஆகவே மண்ணெண்ணெயை விட்டுவிட்டுக் கயிறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.